சமமாகத் தடவாதீர்கள்

நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். நகரத்துக்கே அன்று விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் நான் வேலை பார்க்கும் புறநகர் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரையைவிட வேகமாகக் காலியாவது பழுப்பு நிற நுரைக் குப்பிகள்தான். அப்படியொரு வாரத்தில் காலையில் கடை திறந்ததும் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். முழுக்கைச் சட்டையை மேலே இழுத்து இரண்டு மணிக்கட்டையும் கவுண்டர்மேல் வைத்தாள். பழுப்புத் திட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றின் மேலும் சுற்றிலும் தோல் சிவந்து, ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை டேன், அதாவது வெயிலில் காயாமலே தோலைப் பழுப்பாக்கும் அந்த நுரையை, போட்டிருக்கிறாள். காலையில் பார்த்தால் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடாவைக் குழைத்து அரைமணி நேரம் தேய்த்திருக்கிறாள். “இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும், இல்லையா?” என்று கேட்டாள்.

போகாது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. அவளுடைய அக்கா, அறைத்தோழி, முடிதிருத்தும் கடைக்காரி, பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கம் என்று எல்லாரும் அவளுக்குச் சொல்லியிருந்தது வேறு. அந்தப் பொதுக் கருத்து இதுதான்: செல்ஃப் டேன் என்பது ஒரு பூச்சு. பூச்சைச் சமமாகத் தடவினால் நிறமும் சமமாக வரும். திட்டு விழுந்தால் தடவிய கை சரியில்லை. பூச்சுதானே, தேய்த்தால் போய்விடும்.

பத்து ஆண்டுகளாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற துணிச்சலில் சொல்கிறேன், இதில் ஒரு வாக்கியம்கூடச் சரியில்லை. எல்லாத் தவறும் முதல் தவறிலிருந்து பிறப்பவை. அது பூச்சே அல்ல.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் “நமக்கெதற்கு இது” என்று பக்கத்தைப் புரட்டலாம். கொஞ்சம் பொறுங்கள். மருதாணி வைத்த கை, ஆணழகன் போட்டி மேடை, வெண்புள்ளி உள்ள ஒரு முகம், இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும். மூன்றுக்கும் இந்தக் குப்பியோடு தொடர்பு உண்டு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். “வெள்ளைக்காரியே நம்ம நிறத்துக்கு ஏங்குறா பாரு” என்று என் அம்மா தொலைபேசியில் சந்தோஷப்படுவார். நம்மூரில் பலருக்கு இது ஓர் ஆறுதல். அந்த ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. எங்கள் அலமாரியில் ‘மிக அடர்’ என்று அச்சிட்ட குப்பியின் நிறம்கூட என் முன்கையைவிட இரண்டு மாற்றுக் குறைவு. அவர்கள் வாங்குவது கடற்கரையில் விடுமுறை கழித்துவந்த வெள்ளைத் தோலின் நிறத்தை. நம் நிறத்தை அல்ல.

பூச்சு என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் காலுறைகளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் தேநீர் டிகாஷன், கோகோ, குழம்புக்குப் பழுப்பு நிறம் சேர்க்கும் சமையல் சரக்கு என்று கையில் கிடைத்ததைக் கால்களில் பூசிக்கொண்டார்கள். காலுறையின் பின்பக்கத் தையல்கோடு போலத் தெரிய, புருவம் தீட்டும் பென்சிலால் கோடும் இழுத்துக்கொண்டார்கள். அது சுத்தமான பூச்சு. மழையில் கரையும், படுக்கை விரிப்பில் ஒட்டும், சோப்புப் போட்டால் போகும். அந்தப் பூச்சில் கை சரியாக ஓடாவிட்டால் திட்டு விழும் என்பதும் உண்மை. அந்தக் கால ஞானத்தை அப்படியே தூக்கிவந்து இன்றைய குப்பியின்மேல் ஒட்டிவைத்திருக்கிறோம்.

இன்றைய குப்பியின் கதை ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், உடலில் கிளைகோஜன் சேர்ந்துபோகும் பிறவி நோய் உள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற மூன்று கார்பன் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சுருக்கமாக டி.எச்.ஏ. குழந்தைகள்தானே, சில நேரம் துப்பிவிடும், மேலே சிந்திக்கொள்ளும். சிந்திய இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பாகியது. ஆனால் உடுப்பில் கறை படியவில்லை. ஒரே திரவம் தோலை நிறம் மாற்றியது, துணியை விட்டுவிட்டது. பூச்சாக இருந்தால் முதலில் துணியில்தானே பட்டிருக்க வேண்டும்? இதுபற்றிய ஆய்வுக்குறிப்பு 1960-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதே ஆண்டு காப்பர்டோன் நிறுவனம் ‘கியூ.டி.’ என்ற பெயரில் லோஷனைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதைத் தடவிக்கொண்டவர்கள் ஆரஞ்சுப் பழம்போல் ஆனார்கள் என்பது அந்தத் துறையின் நெடுநாளைய கேலி.

டி.எச்.ஏ. நிறமற்ற சர்க்கரை. அது தோலின் மேல்மட்டத்தில் உள்ள இறந்த செல்களின் புரதத்தோடு, குறிப்பாக அர்ஜினைன், லைசின், ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்புப் பொருளை அங்கேயே உண்டாக்குகிறது. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் விவரித்த வினையின் ஒரு வகை இது. ரொட்டியின் மேலோடு பழுப்பாவதும் தோசை முறுகலாவதும் இதே குடும்பத்து வினைகள்தான். டேன் போட்ட உடம்பில் மறுநாள் பழைய பிஸ்கட் வாசனை அடிப்பதற்கும் இந்த உறவே காரணம். தோசைமேல் முறுகல் நிறம் யாரும் பூசியதல்ல, மாவே அப்படி ஆகிவிட்டது. முறுகிய தோசையைக் கழுவி வெள்ளையாக்கியவர் யாராவது உண்டா?

ஒட்டுப் பட்டையைத் தோலில் ஒட்டி மெல்ல உரித்து, மறுபடி ஒட்டி உரித்துச் சோதித்தால் இறந்த செல்கள் வரவர நிறமும் கூடவே வரும். எல்லா அடுக்கும் உரிந்தால் நிறமும் முடிந்தது. ஆக, நிறம் தோலின் மேலே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மேலடுக்கே நிறமாகிவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் தோலைத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெண் மணிக்கட்டில் செய்துகொண்டு வந்தது அதைத்தான்.

தமிழ் வாசகருக்கு இத்தனை வேதியியல் தேவையில்லை. மருதாணி போதும். இலையைக் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அரைத்து, ராத்திரி விரல்நுனிகளுக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கையில் வட்டம் வைத்துத் தூங்கிய கை ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கும். ஒரே அம்மியில் அரைத்த ஒரே விழுது. விடிந்ததும் உதிர்த்துப் பார்த்தால் உள்ளங்கை சிவந்திருக்கும், புறங்கையில் சிந்திய துளி வெளிறிப்போய்க் கிடக்கும். மருதாணியின் சாயப் பொருளும் தோலின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துதான் நிறம் தருகிறது. செத்த தோல் தடித்திருக்கும் இடத்தில் பிணைய இடம் அதிகம், ஆகவே நிறம் அடர்த்தி. “பித்த உடம்புக்குத்தான்டி நல்லா பிடிக்கும்” என்று பாட்டி சொன்னதை நினைத்துப் பாருங்கள். பித்தம் காரணம் என்பது பிழையாக இருக்கலாம். ஆனால் நிறம் வைக்கிற கையைப் பொறுத்ததல்ல, வைத்துக்கொள்கிற உடம்பைப் பொறுத்தது என்ற பாதிச் செய்தியை அவர் சரியாகப் பிடித்திருந்தார். குப்பியின் பின்பக்கத்தில் ‘சமமாகத் தடவவும்’ என்று அச்சடிக்கிறவர்கள் அந்தப் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை.

இனி இரண்டாவது தவறு. சமமாகத் தடவினால் சமமாக வரும் என்பது. என் கட்சி நேர் எதிர். சமமாகத் தடவினால் நிச்சயமாகத் திட்டுத்தான் வரும்.

உடம்பு ஒரே தோல் அல்ல. முழங்கை, முழங்கால், கணுக்கால், குதிகால், விரல்மூட்டு இங்கெல்லாம் செத்த தோல் தடிப்பு, வறட்சியும் கூட. முன்கையின் உட்பக்கம் மெல்லியது. தொடைக்குக் கொடுத்த அதே அளவை முழங்காலுக்கும் கொடுத்தால் முழங்கால் கருத்து, அழுக்குபோல் தெரியும். புதுப் பூச்சுச் சுவரும் பழைய சுவரும் சேரும் மூலையில் ஒரே டிஸ்டெம்பரை ஒரே பிரஷ்ஷால் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல பெயின்டர் உறிஞ்சும் சுவருக்கு முதலில் பிரைமர் அடிப்பார். இங்கே அந்தப் பிரைமர் சாதாரண மாய்ஸ்சரைசர். முழங்கை, முழங்கால், கணுக்கால், பாதம், மணிக்கட்டு, புறங்கை ஆகியவற்றில் மட்டும் மெல்லத் தடவிக்கொண்டு, கால் பகுதி, தொடை, வயிறு, முதுகை வெறுமையாக விட வேண்டும். பிறகு மிட் எனப்படும் பஞ்சுக் கையுறையில் நுரையெடுத்துக் காலில் தொடங்கி மேலே வர வேண்டும். மூட்டுகளுக்குத் தனியாக நுரை எடுக்கக் கூடாது. தொடைக்குத் தடவியபின் கையுறையில் மிஞ்சியதை வைத்தே முழங்காலையும், முழங்காலில் மிஞ்சியதை வைத்தே பாதத்தையும் தொட வேண்டும். முழங்கையை மடக்கித் தொட வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கத்துக்குள் வெள்ளைக்கோடு நிற்கும். கைகள் கடைசி. ஐந்து விரலையும் பூனைப் பாதம்போல் குவித்து ஒரே ஒரு வீச்சு, அவ்வளவுதான். உள்ளங்கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கையும் நகக்கண்ணையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

மொத்தத்தில் இது வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகத் தடவும் வேலை. பழகிய கை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கே குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. சமமாக ஓட்டுவதில் இல்லை.

அதற்கும் முன்னால் முந்தைய நாள் இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. தேய்த்துக் குளிக்க வேண்டுமானால் அது முதல்நாள், நிறம் போட்ட பிறகு அல்ல. சவரமும் முதல்நாளே. சவரம் செய்த கையோடு தடவினால் திறந்திருக்கும் மயிர்க்கண்களில் சாயம் தேங்கி, கெண்டைக்காலெல்லாம் எள் தூவியதுபோல் புள்ளி விழும். தடவும் நேரத்தில் உடம்பில் எண்ணெய், வாசனைத் திரவியம், டியோடரன்ட் எதுவும் இருக்கக் கூடாது. சோப்பு மிச்சமும் கூடாது. தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையில்தான் இந்த வினை நல்ல பழுப்பைத் தருகிறது, காரம் ஏறினால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். கரப்பான், சோரியாசிஸ், ஆறிக்கொண்டிருக்கும் புண் இருந்தால் அங்கே தடவவே வேண்டாம். எப்படித் தடவினாலும் அங்கே திட்டுத்தான். புதுக் குப்பியென்றால் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கையைக் குற்றம் சொல்லும் பழக்கத்துக்கு இன்னொரு காரணம் நுரையின் நிறம். குப்பியிலிருந்து வரும்போதே நுரை பழுப்பாக இருக்கும். அது வழிகாட்டி நிறம். எங்கே தடவினோம் என்று தெரிவதற்காகச் சேர்த்த சாதாரணச் சாயம், முதல் குளியலில் போய்விடும். உண்மையான டேன் அடியில் மெல்ல உருவாகிக்கொண்டிருக்கும். 2 முதல் 4 மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஒரு நாள் வரை அடர்ந்துகொண்டே போகும். இரவு கண்ணாடியில் சமமாகத் தெரிந்தது வழிகாட்டி நிறம், காலையில் திட்டாகத் தெரிவது தோலின் பதில். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள், ‘ராத்திரி நன்றாகத்தானே இருந்தது, தூக்கத்தில் எங்கேயோ தேய்ந்துவிட்டது’ என்று தலையணையைச் சந்தேகிப்பார்கள். (தலையணை உறை கெடும் என்பது உண்மை. பழைய போர்வையில் படுங்கள்.)

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் ராஸ் டேன் அறைக்குள் எண்ணிக்கையைத் தவறவிட்டு, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல், முன்பக்கம் மட்டும் மறுபடி மறுபடி தெளிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வருவான். 2003-இல் வந்த அந்தப் பகுதியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன். டேனில் பிழை என்றாலே அசட்டுத்தனம் என்ற எண்ணத்துக்கு அந்தச் சிரிப்பும் உரம் போட்டிருக்கிறது. ஒழுங்காக எண்ணத் தெரிந்தவனாக இருந்திருந்தாலும் ராஸின் முழங்கை கருத்துத்தான் இருந்திருக்கும்.

இனி எலுமிச்சையும் சோடாவும். நான் உண்மையாகவே சண்டைக்கு நிற்கிற இடம் இது.

முதலில் இரண்டையும் கலக்கும்போது என்ன நடக்கிறது? பொங்கி நுரைக்கிறது. பார்ப்பவருக்கு ஏதோ வேலை நடப்பதுபோல் இருக்கும். அது கரியமில வாயு வெளியேறும் நுரை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் சண்டை, அதில் உங்கள் மணிக்கட்டின் நிறத்துக்குப் பங்கு ஏதும் இல்லை. பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது உப்புக் கரைசலும் கரையாத சோடாத் துகளும். பிறகு தேய்க்கும்போது வேலை செய்வது அந்தத் துகள். பொடி மணலைப் போட்டுத் தேய்த்தாலும் அதே பலன்தான். துகள் திட்டையும் நல்ல தோலையும் பிரித்தறியாது. இரண்டையும் சேர்த்துச் சுரண்டும். கருத்த இடம் ஒரு பங்கு வெளுத்தால் பக்கத்து இடமும் ஒரு பங்கு வெளுக்கும், வித்தியாசம் அப்படியே நிற்கும். நமக்குப் பிரச்சினையே அந்த வித்தியாசம்தானே?

தனித்தனியாகப் போட்டாலும் நன்மையில்லை. தோலின் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது, சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டியது. ஏற்கனவே சுரண்டிய தோலில் இவற்றை ஊற்றினால் எரியும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எலுமிச்சை வகைப் பழங்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன, தோல் பகுதியில் இன்னும் அதிகம். அவை உடம்பில் பட்டிருக்கும்போது வெயிலில் போனால் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தீக்காயம்போல் கொப்புளம் எழுப்பும். கொப்புளம் ஆறிய இடத்தில் பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். வேடிக்கையைப் பாருங்கள். ஒரு வாரத்தில் தானாக உதிரும் பழுப்பைப் போக்கப் போய், உதிராத பழுப்பைச் சம்பாதிப்பது. ‘இயற்கைப் பொருள், என்ன செய்துவிடும்’ என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள், இந்த ஊரிலும் சொல்கிறார்கள். மூடநம்பிக்கைக்குப் பாஸ்போர்ட் தேவைப்படுவதில்லை.

“ஆனால் எனக்குப் போயிற்றே” என்பார்கள் சிலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று வகையில் அது நடக்கும். தேய்த்ததும் வழிகாட்டி நிறம் போயிருக்கும், டேனே போய்விட்டதாகத் தோன்றும். அல்லது ஐந்தாம் ஆறாம் நாளில் தேய்த்திருப்பார்கள். மேல்தோல் அன்றாடம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, டேனின் ஆயுளே 5 முதல் 7 நாள், போனால் 10. உதிரப்போகும் சருகை உலுக்கிவிட்டு, உதிர்த்த புகழை வாங்கிக்கொள்வதுபோல இது. மூன்றாவது, கொஞ்சம் உண்மையாகவே போயிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறிய தோலின் மேலடுக்கு தளரும், தளர்ந்ததைத் துணியால் துடைத்தால் நிறத்தில் ஒரு பங்கு வரும். கடையில் விற்கும் நிறநீக்கி நுரைகள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். அந்த அளவுக்கு எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பங்கைத் தந்தது நீரும் பொறுமையும், எலுமிச்சை அல்ல.

சரி, திட்டு விழுந்துவிட்டது, என்னதான் செய்வது? கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். தடவி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மணிக்கட்டில் அதிகமாகிவிட்டது என்று தெரிகிறதா? சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். வினையாகாத சர்க்கரை தண்ணீரில் போய்விடும். இந்த ஒரு வாய்ப்புதான் முழுதாகக் கழுவி எடுக்கக்கூடிய வாய்ப்பு, பலர் அதைத் தூக்கத்தில் தொலைக்கிறார்கள்.

விடிந்துவிட்டதென்றால் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டும். எடுக்கப் பார்க்காமல், சேர்க்கப் பாருங்கள். திட்டு என்பது ஓரிடத்தில் அதிகம் என்று மட்டும் அல்ல, பக்கத்து இடத்தில் குறைவு என்றும் பொருள். கெண்டைக்காலில் வெள்ளைப் பட்டை விட்டுப்போயிருந்தால், ஒரு சிட்டிகை டேன் லோஷனை நான்கு பங்கு மாய்ஸ்சரைசரில் குழைத்து, மேக்கப் பிரஷ்ஷாலோ பஞ்சுக்குச்சியாலோ அந்தப் பட்டைக்குள் மட்டும் வைத்து, விளிம்பை விரலால் மெழுகிவிட்டால் மறுநாள் பட்டை மறைந்திருக்கும். கணுக்காலில் கோடுபோல் நின்றால் கோட்டைத் தொடாமல் அதற்குக் கீழே மெல்லிய பூச்சு. நிறைய கருத்துப்போன மூட்டுக்கு, இரவில் குழந்தைகளுக்குப் போடும் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, வெந்நீர்த் துணியால் அழுத்தாமல் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த இரவு மறுபடி. லாக்டிக் அமிலம் கலந்த உடம்பு லோஷன் கைவசம் இருந்தால் அதை அந்த மூட்டுக்கு மட்டும் இரண்டு மூன்று இரவு போடலாம். மறுநாளே விசேஷம் என்றால் மேலே உடம்பு மேக்கப். நீச்சல்குளத்துக் குளோரின் நீரிலும் டேன் சீக்கிரம் மங்கும். ஆனால் அதற்காக நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதில் ஒன்றும் சாகசம் இல்லை, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. அரைமணி நேரம் கை வலிக்கத் தேய்த்தால் ஏதோ பரிகாரம் செய்த திருப்தி வருகிறது. பஞ்சுக்குச்சியால் நான்கு தொடு தொட்டுவிட்டுப் படுக்கப் போனால் வருவதில்லை.

இந்த நாட்டில் டேன் குப்பியை வெறும் மினுக்கு என்று சொல்லிவிட முடியாது. 70 வயதுக்குள் ஆஸ்திரேலியர்களில் மூவரில் இருவருக்காவது ஏதாவதொரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படும் என்பது இங்குள்ள புற்றுநோய் கவுன்சிலின் கணக்கு. 1981-இலிருந்து ‘சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு’ என்று ஒரு கடற்காகம் தொலைக்காட்சியில் பாடி ஆடியது. புற ஊதா விளக்குப் படுக்கைகளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது. அந்தப் படுக்கைகளை வைத்து வியாபாரம் செய்வதைப் பெரும்பாலான மாநிலங்கள் 2015 தொடக்கத்திலும் மேற்கு ஆஸ்திரேலியா 2016-லும் தடைசெய்தன. வெயிலில் வேகாமல் பழுப்பாக ஒரு வழி என்றால் அது இந்தக் குப்பிதான். அதனாலேயே இன்னொரு பொய்நம்பிக்கையும் முளைத்திருக்கிறது, டேன் போட்டால் வெயில் ஏறாது என்று. அந்தப் பழுப்பில் மெலனின் இல்லை. அது தரும் காப்பு எஸ்.பி.எஃப். 3, 4 அளவு, மெல்லிய சட்டையைவிடக் குறைவு. சன்ஸ்கிரீன் தனியாகப் போட்டே ஆக வேண்டும்.

ஆணழகன் மேடைக்கு வருகிறேன். நம்மூர் ஆணழகன் போட்டிகளிலும் போட்டியாளர்கள் டேன் போடுகிறார்கள். இயல்பிலேயே கருத்த உடம்புக்கு எதற்கு என்று கேட்கலாம். மேடை விளக்கு உடம்பைத் தட்டையாக்கிவிடும், தசையின் வெட்டுகள் தெரிய அந்த அடர்த்தி வேண்டும். அவர்கள் இரண்டு மூன்று பூச்சாகப் போடுகிறார்கள், ஒவ்வொரு பூச்சையும் உலரவிடுகிறார்கள், திட்டு தெரிந்தால் அடுத்த பூச்சில் வெளுத்த இடத்தை நிரப்புகிறார்கள். மதிப்பெண் போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எலுமிச்சைக்கு இடமில்லை.

கடைசியாக வெண்புள்ளி. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வெண்புள்ளி உள்ள இடத்தில் மெலனின் உண்டாக்கும் செல்கள் இல்லை. ஆனால் டி.எச்.ஏ.-வுக்கு அந்தச் செல்களே தேவையில்லை. இறந்த மேலடுக்கின் புரதம் போதும், அது வெள்ளைத் திட்டிலும் இருக்கிறது. ஆகவே வெண்புள்ளிகளைச் சில நாள் மறைக்கத் தோல் மருத்துவர்கள் இதைப் பல காலமாகப் பரிந்துரைத்து வருகிறார்கள். நோய் குணமாகாது, நிறம் மட்டும் சேரும். மறைக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். இங்கே ‘சமமாகத் தடவுங்கள்’ என்ற அறிவுரையைக் கேட்டால் என்ன ஆகும்? திட்டும் சுற்றியுள்ள தோலும் சேர்ந்தே கருக்கும், வித்தியாசம் குறையாது. பஞ்சுக்குச்சியால் திட்டுக்குள் மட்டும், விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்தி, குறைந்த அடர்த்தியில் தொடங்கி, போதாவிட்டால் மறுநாள் இன்னொரு முறை. அளவு மீறிவிட்டால் காத்திருக்க வேண்டும். இவர்களிடம் போய், தேய்த்தால் போகும் என்று சொல்வது வெறும் அறியாமையோடு நிற்காது. தோலில் உராய்வும் காயமும் பட்ட இடத்தில் புதிதாக வெண்புள்ளி தோன்றக்கூடிய நோய் அது. எலுமிச்சையும் சோடாவும் கொண்டு தேய்த்த இடம் புதுத் திட்டாக மாறினால் யார் பொறுப்பு?

கவுண்டர்மேல் கை வைத்து நின்ற பெண்ணிடம் இத்தனையும் சொல்ல நேரமில்லை. பின்னால் நான்கு பேர் நின்றார்கள். சிவந்த இடத்தைத் தொடாமல் விடு, பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போடு, கசிவு நிற்காவிட்டால் டாக்டரைப் பார் என்றேன். பந்தயத்துக்குக் கையுறை போட்டுக்கொண்டு போகிற பெண்கள் இங்கே உண்டு. அவளும் நீளமாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு போனாளாம். அடுத்த முறை கடைக்கு வந்தபோது சட்டைக் கையை அவளாகவே தூக்கிக் காட்டினாள். பழுப்புத் திட்டு ஒரு வாரத்தில் தானாகப் போய்விட்டது. தேய்த்ததால் வந்த சிவப்பு மறைய டிசம்பர் பாதி ஆயிற்று.